பீப்பாயும் வெப்பமானியும்



மாவு புளிப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்கள் வீட்டில் தாயாரிடம் கேட்டுப் பாருங்கள். "சித்திரையிலா, மார்கழியிலா?" என்று அவர் திருப்பிக் கேட்பார். அந்த மறுகேள்விக்குள் ஒரு பெரிய விஞ்ஞான உண்மை அடங்கியிருக்கிறது. கோடையில் மாலையில் அரைத்து வைத்த இட்டிலி மாவு, விடியுமுன் பொங்கிப் பாத்திரத்தின் மூடியைத் தள்ளிவிடும். சற்றே அயர்ந்தால் வாயில் வைக்க இயலாதபடி புளித்தும் போகும். மார்கழிக் குளிரிலோ அதே மாவு அதே பாத்திரத்தில் அசையாமல் கிடக்கும். அதனை அடுப்பின் அருகே வைப்பதும், துணி சுற்றி வைப்பதும் நம் இல்லங்களின் வழக்கம். வெப்பமானி இன்றியே வெப்பத்தை ஆளும் கலை அது.

இதே கலை ஐரோப்பிய நாடுகளில் பீர் என்னும் பானத்தைக் காய்ச்சும் தொழிலில் எவ்வாறு வளர்ந்தது, எவ்வாறு விஞ்ஞானமாக மாறியது, அந்த விஞ்ஞானம் எவ்வாறு உலகுக்கெல்லாம் பொதுவாயிற்று என்பதனை இன்று கூற எண்ணுகிறேன். பள்ளிப் பிள்ளைகளிடம் மதுவைப் பற்றிப் பேசலாமா என்று பெரியவர் எவரேனும் கேட்கக்கூடும். குடிப்பழக்கத்தைப் போற்றுதல் என் கருத்தன்று. அதன் தீமையை என் ஆசிரியப் பணிக்காலம் முழுவதும் மாணவரின் குடும்பங்களில் கண்ணாரக் கண்டவன் நான். நம் மாநிலத்தில் உரிமமின்றி மது தயாரிப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் அறிவீர்கள். ஆயினும், வெடிமருந்தின் வரலாற்றைப் படிப்பவன் போர்வெறியன் ஆகிவிடுவதில்லை. பீர்ப் பீப்பாயின் அருகே நின்று மனிதன் கற்ற பாடங்கள், நம் மருத்துவமனைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் இன்று நாள்தோறும் பயன்படுகின்றன. அப்பாடங்களே நமக்குத் தேவை.

முதலில் பொருளின் இயல்பை அறிவோம். பார்லியை நனைத்து முளைகட்டி, உலர்த்தி, இடித்து, வெந்நீரில் ஊறவைத்தால் அதிலுள்ள மாச்சத்து சர்க்கரையாக மாறி, இனிப்பான சாறு கிடைக்கும். இச்சாற்றுடன் ஹாப்ஸ் என்னும் கொடியின் கசப்புப் பூவைச் சேர்த்துக் கொதிக்கவைத்து ஆற்றுவர். பின்னர் அதில் ஈஸ்ட் சேர்க்கப்படும். ஈஸ்ட் என்பது கண்ணுக்குப் புலப்படாத ஓர் உயிர்; காளான் இனத்தைச் சேர்ந்தது. அது சர்க்கரையை உண்டு ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகிறது. இவ்வாறு நிகழ்வதே நொதித்தல்.

இங்கு நீங்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஈஸ்ட் வேலை செய்யும்போது வெப்பமும் பிறக்கிறது. அறை குளிர்ந்திருந்தாலும், பாத்திரத்தின் உள்ளே வெப்பநிலை சில பாகை ஏறிவிடும். வெப்பம் ஏறினால் ஈஸ்ட் இன்னும் விரைந்து வேலை செய்யும். விரைந்து வேலை செய்தால் வெப்பம் இன்னும் ஏறும். கடிவாளம் இல்லாத குதிரை போன்றது இது. அளவு மீறிய வெப்பத்தில் ஈஸ்ட் தனக்கேயுரிய ஆல்கஹாலோடு நில்லாமல், நாவைச் சுடும் கனத்த ஆல்கஹால்களையும், பழவாசனை தரும் எஸ்டர் என்னும் பொருள்களையும் மிகுதியாக உண்டாக்கும். அளவுக்குக் குறைந்த வெப்பத்திலோ வேலை பாதியில் நின்று, சாறு இனித்தபடியே தேங்கிவிடும்.

எல்லா ஈஸ்டுக்கும் ஒரே அளவு பொருந்தாது. இங்கிலாந்தின் 'ஏல்' வகைக்குரிய ஈஸ்ட், பெரும்பாலும் 18 முதல் 22 பாகை செல்சியஸ் வரையுள்ள வெப்பத்தில் நன்கு இயங்கும். பவேரியாவின் 'லாகர்' வகைக்குரிய ஈஸ்ட் 7 முதல் 13 பாகைக்குள் மெல்ல வேலை செய்யும். பிறகு உறைநிலையை ஒட்டிய குளிரில் பல வாரம் வைத்து அதனைத் தெளிய விடுவர். ஜெர்மன் மொழியில் 'லாகர்' என்னும் சொல்லுக்குச் சேமிப்பிடம் என்பது பொருள்.

இன்னொரு செய்தியையும் கணக்காகவே சொல்கிறேன். ஒரு பாத்திரத்தின் நீள அகல உயரங்களை இரு மடங்காக்கினால், அதன் புறப்பரப்பு 4 மடங்காகும். கொள்ளளவோ 8 மடங்காகும். வெப்பம் பிறப்பது கொள்ளளவைப் பொறுத்தது. வெளியேறுவது புறப்பரப்பைப் பொறுத்தது. ஆகவே வீட்டிலுள்ள சிறு பானை தன் வெப்பத்தைத் தானே போக்கிக்கொள்ளும். ஆலையிலுள்ள பெருந்தொட்டியோ தன் வெப்பத்தைத் தன்னுள்ளே அடக்கிக்கொண்டு கொதிப்பேறும். இடைக்கால இங்கிலாந்தில் ஏல் காய்ச்சுவது பெரும்பாலும் பெண்களின் வீட்டுத் தொழிலாக இருந்தது. சிறு பாத்திரமும் கைப்பழக்கமும் அவர்களுக்குப் போதுமாயிருந்தன. தொழில் வீட்டைவிட்டு ஆலைக்குப் போனபோதுதான், வெப்பம் ஒரு பெரிய சிக்கலாகத் தலைதூக்கியது.

அச்சிக்கலை மனிதன் முதலில் நாட்காட்டியைக் கொண்டு தீர்க்க முயன்றான். பவேரிய நாட்டில் 1516இல், பார்லி, ஹாப்ஸ், நீர் ஆகிய மூன்றைக் கொண்டே பீர் காய்ச்ச வேண்டும் என்று ஓர் ஆணை பிறந்தது. ஈஸ்டின் பெயர் அந்த ஆணையில் இல்லை. அது ஓர் உயிர் என்பதை அன்று உலகில் எவரும் அறியார். ஆனால் கோடைக்கு ஒரு விலையும் குளிர்காலத்துக்கு ஒரு விலையும் அதே ஆணையில் விதிக்கப்பட்டிருந்தன. கோடைப் பீர் கெட்டுப்போவதை மக்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். 1553இல் ஐந்தாம் ஆல்பிரெக்ட் கோமகன் இன்னும் கடுமையான சட்டம் இயற்றினார். ஏப்ரல் 23ஆம் நாளாகிய புனித ஜார்ஜ் திருநாள் முதல், செப்டம்பர் 29ஆம் நாளாகிய புனித மைக்கேல் திருநாள் வரை பீர் காய்ச்சலாகாது என்பது அச்சட்டம்.

காரணம் அறியாமலே கண்ட தீர்வு இது. ஆயினும் அதன் விளைவு பெரிது. ஆண்டுதோறும் குளிர்காலத்தில் மட்டுமே காய்ச்சியதால், குளிரைத் தாங்கி வேலை செய்யும் ஈஸ்ட் இனமே பவேரியரின் தொட்டிகளில் நிலைத்தது. வெப்பத்தை விரும்பும் இனங்கள் பின்தங்கின. பாலைப் புளிக்கச்செய்யும் வகையைச் சேர்ந்த கிருமிகளும் அக்குளிரில் தலையெடுக்கவில்லை. ஒரு மன்னனின் ஆணை, அவன் கண்ணால் காணாத ஓர் உயிரின் வாழ்க்கையையே திருத்தி அமைத்துவிட்டது.

கோடைக்கு வேண்டிய பீரை மார்ச் மாதத்தில் சற்றுக் கனமாகக் காய்ச்சிச் சேமித்தார்கள். அதனைக் கெடாமல் காக்க மியூனிக் நகரத்தார் ஈசார் ஆற்றின் மேட்டுக் கரையில் நிலவறைகள் தோண்டினர். நிலவறையின் மேல் கூழாங்கல் பரப்பி, அடர்ந்த நிழல் தரும் செஸ்ட்நட் மரங்களை நட்டனர். அம்மரங்களின் வேர் ஆழமாகச் செல்வதில்லை. ஆதலால் நிலவறையின் கூரைக்குத் தீங்கு இல்லை. குளிர்காலத்தில் ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து வந்து உள்ளே அடுக்கினர். மரநிழலில் மக்கள் வந்து அமரத் தொடங்கினர். 1812இல் மன்னர் முதலாம் மாக்சிமிலியன், அந்த நிழலில் பீர் விற்கலாம், ஆனால் ரொட்டி நீங்கலாக வேறு உணவு விற்கலாகாது என்று ஆணையிட்டார். இன்று அந்நகரத்தின் புகழுக்குரிய மரநிழல் தோட்டங்கள், பீப்பாய்க்குக் குளிர்ச்சி தேடிய முயற்சியின் மிச்சங்களே ஆகும்.

பனிக்கட்டியை அறுத்துச் சேமிக்கும் இவ்வழக்கம் நம் சென்னையையும் தொட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதியில் ஏரிகளில் அறுத்த பனிக்கட்டியை, பிரெடெரிக் டூடர் என்னும் வணிகர் கப்பலேற்றி நம் நாட்டுக்கு அனுப்பினார். கடற்கரைச் சாலையில் விவேகானந்தர் இல்லம் என்று நீங்கள் இன்று காணும் கட்டடம், அப்பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக 1842இல் எழுந்த 'ஐஸ் ஹவுஸ்' ஆகும். குளிர்ச்சியைக் கடல் கடந்து விலைக்கு வாங்கிய காலம் அது. இந்தியாவில் பீர் காய்ச்ச விரும்பிய ஆங்கிலேயரோ, சமவெளியின் வெப்பத்துக்கு அஞ்சி மலையேறினர். 1860இல் தொடங்கிய முர்ரி ஆலை மலைப்பகுதியில் அமைந்ததற்குக் குளிர்ந்த காற்றும் நல்ல நீருமே காரணங்கள்.

காலத்தையும் இடத்தையும் தேடி ஓடிய மனிதன், எண்ணைத் தேடத் தொடங்கியது இங்கிலாந்தில். டேனியல் ஃபாரன்ஹீட் 1714இல் பாதரச வெப்பமானியைச் செம்மையாக அமைத்தார். ஆனால் ஆலைக்காரர்கள் நெடுங்காலம் அதனைச் சீண்டவில்லை. நீரில் கையை விட்டுப் பார்ப்பதும், நீராவி விலகித் தன் முகம் நீரில் தெரிகிறதா என்று பார்ப்பதும் அவர்களுக்குப் போதுமானவையாய் இருந்தன. மைக்கேல் கோம்புரூன் என்னும் ஆலைக்காரர் 1758இலும் 1762இலும் வெளியிட்ட நூல்களில், வெப்பமானியைக் கொண்டே தொழிலை நடத்த வேண்டும் என்று வற்புறுத்தினார். ஜேம்ஸ் பேவர்ஸ்டாக் என்னும் இளைஞர், புதுமையை வெறுத்த தம் தந்தைக்குத் தெரியாமல் வெப்பமானியை மறைத்து வைத்துக்கொண்டு ஆலையில் சோதனை செய்தார் என்று தொழில் வரலாறு கூறும்.

தந்தையின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு என்பேன். பல்லாண்டுப் பழக்கத்தால் தேர்ந்த கை, ஒரு கண்ணாடிக் குழலுக்குப் பணிய மறுப்பது இயல்பே. ஆனால் கையறிவு அந்தக் கையோடு போய்விடும். "இளஞ்சூடாக இருக்கட்டும்" என்று தந்தை சொன்னால், அந்த இளஞ்சூடு எது என்பதை மகன் பத்தாண்டு உடனிருந்து கற்க வேண்டும். "64 பாகை ஃபாரன்ஹீட்" என்று எழுதிவைத்தால், கடல் கடந்த ஊரிலுள்ள அயலானும் மறுநாளே அதனைச் செய்து பார்க்கலாம். எண் என்பது ஒருவன் அறிவைப் பலருக்கும் உரியதாக்கும் கருவி. இக்கருத்தை நான் வகுப்பறையில் பன்முறை வலியுறுத்தியதுண்டு, இங்கும் வலியுறுத்துகிறேன்.

எண்ணை மதித்த ஆலைக்காரர் ஒருவரின் பெயரை நீங்கள் பௌதிகப் பாடத்தில் அன்றாடம் உச்சரிக்கிறீர்கள். ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் 1818இல் சால்போர்டு நகரில் ஒரு பீர் ஆலைக் குடும்பத்தில் பிறந்தார். ஆலையின் நிர்வாகத்தில் பங்குகொண்டபடியே, நீரைத் துடுப்புச் சக்கரத்தால் கலக்கி, அதனால் நீர் எவ்வளவு சூடேறுகிறது என்று 1840களில் அளந்தார். உழைப்பு வெப்பமாக மாறும் அளவு என்றும் மாறாதது என்று நிறுவினார். ஒரு பாகை ஃபாரன்ஹீட்டில் 200இல் ஒரு பங்கு வேறுபாட்டையும் தம்மால் அளக்க முடியும் என்று அவர் கூறியபோது பலர் ஐயுற்றனர். வெப்பத்தை நாள்தோறும் கண்காணிக்கும் ஆலைச் சூழலில் வளர்ந்தவருக்கு அத்தகைய கூர்மை கைவந்ததில் வியப்பில்லை என்று வரலாற்று ஆய்வாளர் சிலர் கருதுவர். ஆற்றலின் அலகுக்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது.

இங்கிலாந்தின் இத்தேர்ச்சியைக் கற்க 1833இல் இருவர் வந்தனர். ஒருவர் மியூனிக் நகரத்து ஸ்பாட்டன் ஆலையைச் சேர்ந்த காப்ரியேல் செடல்மையர். மற்றவர் வியன்னாவை அடுத்த ஷ்வேகாட் ஊரைச் சேர்ந்த ஆன்டன் டிரேயர். ஆலைகளைச் சுற்றிப் பார்க்கும்போது, உட்குழலும் அடைப்பும் கொண்ட கைத்தடியைத் தொட்டியில் நனைத்து, எவரும் அறியாமல் சாற்றின் மாதிரியை எடுத்துக்கொண்டனர். தங்கிய விடுதிக்குத் திரும்பி, அதனை அளந்து குறித்துக்கொண்டனர். அறிவைப் பூட்டி வைத்தால் அதைத் திருடுவோர் தோன்றுவர் என்பதற்கு இது சான்று. அச்செயலை நான் மெச்சவில்லை. ஆனால் அதே செடல்மையர் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு என்ன செய்தார் என்பதையும் அறிய வேண்டும்.

1845இல் டென்மார்க் நாட்டிலிருந்து ஜேக்கப் கிறிஸ்டியன் ஜேக்கப்சன் என்னும் ஆலைக்காரர் மியூனிக்குக்கு வந்தார். குளிரில் வேலை செய்யும் பவேரிய ஈஸ்ட் அவருக்குத் தேவைப்பட்டது. செடல்மையர் மறுக்காமல் கொடுத்தார். புகைவண்டிப் பாதை முழுமைபெறாத காலம் அது. குதிரை வண்டிப் பயணத்தில், வண்டி நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் ஈஸ்ட் இருந்த கலத்தின் மேல் குளிர்ந்த நீரை ஊற்றி, வெப்பம் ஏறாமல் காத்தபடி அவர் கோபன்ஹேகன் போய்ச் சேர்ந்தார் என்று கூறுவர். நம் தெருவில் ஒரு வீட்டில் உறைமோர் இல்லாதபோது, அடுத்த வீட்டில் ஒரு கரண்டி வாங்கி வருகிறோம் அல்லவா? இரு நாடுகளுக்கிடையே நிகழ்ந்த உறைமோர் உதவி அது. அந்த ஈஸ்டைக் கொண்டு ஜேக்கப்சன் 1847இல் கார்ல்ஸ்பெர்க் ஆலையைத் தொடங்கினார்.

செடல்மையரின் துணை இன்னொருவருக்கும் கிடைத்தது. அவர் மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியின் பேராசிரியர் கார்ல் லிண்டே. வாயுவை அழுத்தித் திரவமாக்கி, மீண்டும் ஆவியாக விட்டால் அது சுற்றிலுமுள்ள வெப்பத்தைக் கவர்ந்துகொள்ளும். உடலில் வியர்வை உலரும்போது குளிர்வதும், மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இந்த ஆவியாதலால்தான். இதனைக் கொண்டு ஓயாமல் குளிர்ச்சி தரும் இயந்திரம் செய்யலாம் என்று 1870ஐ ஒட்டி லிண்டே கட்டுரைகள் எழுதினார். ஏட்டிலிருந்த கருத்தைச் சோதித்துப் பார்க்க, செடல்மையர் தம் ஆலையிலேயே இடமளித்தார். 1873இல் அங்கு இயங்கிய முதல் இயந்திரம் மெத்தில் ஈதர் என்னும் பொருளைப் பயன்படுத்தியது. அதில் குறைகள் இருந்தன. 1876இல் அம்மோனியாவைக் கொண்டு இயங்கும் செம்மையான இயந்திரத்தை லிண்டே அமைத்தார். அவ்வகை இயந்திரம் டிரேயர் குடும்பத்தாருக்கு உரியதாய் டிரியெஸ்ட் நகரில் இருந்த ஆலைக்குச் சென்றது. 1879இல் அவர் பேராசிரியர் பதவியை விட்டு, இதற்கெனவே ஒரு நிறுவனம் கண்டார். ஏரி உறையும் நாளை எதிர்பார்த்திருந்த தொழில், ஆண்டின் எல்லா நாளும் நடக்கலாயிற்று. கோடை என்னும் தடை நீங்கிற்று.

நிற்க. வெப்பத்தை அளந்தாயிற்று, குளிரையும் ஆக்கியாயிற்று. ஆயினும் சில வேளைகளில் பீர் கெட்டது. ஏன்? இதற்கு விடை உயிரியலில் இருந்தது. ஈஸ்ட் ஓர் உயிர் என்று தியோடர் ஷ்வான் முதலியோர் 1830களில் கூறியபோது, லீபிக் போன்ற பெரிய இரசாயன அறிஞர்களே அதனை எள்ளி நகையாடினர். லூயி பாஸ்டர் பல சோதனைகளால் அவ்வுண்மையை நிலைநாட்டினார். 1871இல் அவர் லண்டனில் விட்பிரெட் ஆலைக்குச் சென்று, அவர்களுடைய ஈஸ்டை நுண்பெருக்கியில் பார்த்து, அதில் வேறு கிருமிகள் கலந்திருப்பதைக் காட்டினார். அந்த ஆலையினர் உடனே ஒரு நுண்பெருக்கியை விலைக்கு வாங்கினர். பீரைப் பற்றிய அவரது பெருநூல் 1876இல் வெளிவந்தது.

அதற்கு முந்தைய ஆண்டில்தான் ஜேக்கப்சன் தம் ஆலையருகே கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். அங்குப் பணியாற்றிய எமில் கிறிஸ்டியன் ஹான்சன் வறுமையில் வளர்ந்து, வீடுகளுக்கு வர்ணம் பூசிப் பிழைத்துப் படித்தவர். ஆலையின் ஈஸ்டில் நல்ல இனமும் தீய இனமும் கலந்து கிடக்கின்றன என்று கண்ட அவர், ஒரே ஓர் அணுவைத் தனியே பிரித்து, அதிலிருந்து தூய ஈஸ்டை வளர்க்கும் முறையை 1883இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். இந்த முறையைக் காப்புரிமையால் வேலியிட்டிருந்தால் பெருஞ்செல்வம் குவிந்திருக்கும். ஆய்வுக்கூடமோ அதனை வெளிப்படையாக அறிவித்தது. ஈஸ்டையும் பிற ஆலைகளுக்கு வழங்கியது. மியூனிக்கில் வாங்கிய உறைமோரை, ஜேக்கப்சன் உலகுக்கே திருப்பிக் கொடுத்தார். அமிலத்தன்மையை அளக்க நீங்கள் பயன்படுத்தும் பிஎச் அளவையும் அதே ஆய்வுக்கூடத்தில் 1909இல் சோரன்சன் வகுத்ததுதான்.

குளிரை விரும்பும் அந்த ஈஸ்ட் எங்கிருந்து வந்தது என்ற வினாவுக்கு, நம் காலத்தில்தான் தெளிவு பிறந்தது. அது இரண்டு இனங்களின் கலப்பு. ஒன்று, ஏல் காய்ச்சவும் ரொட்டி செய்யவும் உதவும் பழைய இனம். மற்றது, குளிரைத் தாங்கும் ஒரு காட்டினம். அக்காட்டினத்தைத் தென் அமெரிக்காவின் படகோனியாக் காடுகளிலுள்ள மரங்களில் கண்டதாக ஆய்வாளர்கள் 2011இல் அறிவித்தனர். பின்னர் திபெத்திலும், அயர்லாந்திலும் அது காணப்பட்டது.

இதுவரை கேட்டபின், குளிர்ச்சியே நன்மை, வெப்பமே தீமை என்று நீங்கள் முடிவு கட்டக்கூடும். அம்முடிவு தவறென்று நார்வே நாட்டு உழவர்கள் மெய்ப்பித்திருக்கிறார்கள். அந்நாட்டின் மேற்கிலுள்ள வோஸ் பகுதியில், பண்ணை வீடுகளில் பீர் காய்ச்சும் மரபு அறுபடாமல் வந்திருக்கிறது. அவர்கள் தங்கள் ஈஸ்டை 'க்வெய்க்' என்பர். மரத்தில் செய்த வளையத்தை ஈஸ்டில் தோய்த்து உலர்த்தி, அடுத்த முறைக்கென மாட்டி வைப்பர். ஒரு வீட்டில் ஈஸ்ட் கெட்டால், அண்டை வீட்டில் வாங்கிக்கொள்வர். சாறு கறந்த பாலின் சூட்டில் இருக்கும்போதே ஈஸ்டைச் சேர்ப்பர். 40 பாகை செல்சியஸை எட்டும் வெப்பம் அது. எந்தப் பாடநூலைப் புரட்டினாலும் அத்தனை வெப்பம் பீரைக் கெடுக்கும் என்றே இருக்கும். அவர்களுடையதோ கெடுவதில்லை. 2018இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த ஈஸ்டுகள் மரபணு முறையில் தனிக்குடும்பம் என்றும், அதிக வெப்பத்தைத் தாங்க வல்லவை என்றும் காட்டியது. தலைமுறை தலைமுறையாகச் சூட்டிலேயே வளர்த்தவர்களிடம், சூட்டுக்கேற்ற ஈஸ்ட் நிலைத்தது. பவேரியரின் குளிரும் வோஸ் உழவரின் சூடும் தத்தம் உயிருக்குப் பொருந்தியவையே. அளக்கத் தெரிந்தவன், தான் அளப்பது எந்த உயிருக்காக என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

வீட்டிலிருந்து ஆலைக்குப் போன இக்கலை, சில நாடுகளில் மீண்டும் வீட்டுக்கு வந்துவிட்டது. பிரிட்டனில் வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் பெற வேண்டும் என்ற விதி 1963இல் நீங்கியது. அமெரிக்காவில் 1978இல் ஜனாதிபதி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம், வீட்டுக் காய்ச்சலுக்கு வழிசெய்தது. அங்கெல்லாம் இதனைப் பொழுதுபோக்காகக் கொண்டோர், 20 லிட்டர் அளவுள்ள கலத்தில் காய்ச்சுவர். அவர்கள் கையாளும் வழிகளைப் பாருங்கள்: இதுகாறும் நாம் கண்ட வரலாறு முழுவதும் அந்த ஓர் அறைக்குள் அடங்கிக் கிடக்கும். பருவம் பார்த்துக் காய்ச்சுவோர் உண்டு. கலத்தை நீர்த்தொட்டியில் நிறுத்தி, மேலே ஈரத்துணி சுற்றி, ஆவியாதலால் குளிர்விப்போர் உண்டு. பழைய குளிர்ப்பெட்டியில் வைத்து, வெப்பநிலைக்கேற்பத் தானே இயங்கி நிற்கும் விசையைப் பொருத்துவோரும் உண்டு. வெப்பமானியை அறையின் சுவரில் மாட்டாமல், கலத்தின் பக்கத்தில் ஒட்டி வைப்பர். உள்ளே பிறக்கும் வெப்பத்தை அறையின் காற்று காட்டாது. முதல் இரண்டு மூன்று நாளில் மிகுந்த விழிப்புடன் இருப்பர். சுவையைக் கெடுக்கும் பொருள்களுள் பெரும்பாலானவை அப்போதுதான் உண்டாகும். லாகர் காய்ச்சுவோர் இறுதியில் வெப்பத்தைச் சில பாகை ஏற்றிவிடுவர். வெண்ணெய் போல மணக்கும் டைஅசிட்டைல் என்னும் பொருளை ஈஸ்ட் மீண்டும் உட்கொள்ள அது உதவும். முதலில் அடக்கி, முடிவில் சற்றுத் தளர்த்துதல் என்னும் இம்முறை ஆசிரியர் தொழிலுக்கும் பொருந்தும்!

இப்பாடங்கள் பீப்பாயோடு நின்றுவிடவில்லை. லிண்டே 1895இல் காற்றையே திரவமாக்கினார். அதிலிருந்து பிராணவாயுவைப் பிரித்தெடுக்கும் வழி பிறந்தது. நோயாளியின் படுக்கையருகே நிற்கும் பிராணவாயு உருளைக்கும் பீர் நிலவறைக்கும் இடையே இத்தகைய உறவு இருக்கிறது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்றால், தடுப்பூசி மருந்துகள் வைத்திருக்கும் குளிர்ப்பெட்டியில் வெப்பமானி ஒன்று இருக்கும். பெரும்பாலான தடுப்பு மருந்துகள் 2 முதல் 8 பாகை வரையுள்ள குளிரிலேயே இருத்தல் வேண்டும். அதற்கு மேல் சூடேறினாலும் மருந்தின் ஆற்றல் குன்றும். உறைந்துபோனாலும் சில மருந்துகள் பயனற்றுப் போகும். செவிலியர் நாள்தோறும் இருமுறை அந்த எண்ணைப் பார்த்து ஏட்டில் குறித்து வைக்கிறார். பேவர்ஸ்டாக் மறைவாகச் செய்த அதே வேலையை, அவர் வெளிப்படையாகச் செய்கிறார். அந்த ஏட்டிலுள்ள ஒரு பாகையை நம்பி, ஒரு குழந்தையின் உயிர் இருக்கிறது.

மாணவர்களே, கைத்தடிக்குள் ஒளித்துக் கொண்டுவந்த மாதிரி, இரண்டு ஆலைகளுக்குப் பயன்பட்டது. கேட்டவுடன் கொடுத்த ஒரு கலம் ஈஸ்ட், ஓர் ஆய்வுக்கூடமாகத் தழைத்து உலகுக்குப் பயன்பட்டது. இவ்விரண்டையும் செய்தவர் ஒருவரே என்பதுதான் இவ்வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. நீங்கள் எத்தொழிலுக்குச் சென்றாலும், அத்தொழிலில் உங்கள் கை அறிந்ததை எண்ணாக அளந்து எழுதி வையுங்கள். எழுதியதைக் கேட்பவருக்குக் கொடுங்கள். இன்றிரவு வீட்டில் மாவு அரைத்தால், பாத்திரத்தில் ஒரு வெப்பமானியை வைத்து, எந்த வெப்பத்தில் எத்தனை மணியில் அது பொங்குகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். உங்கள் தாயார் சிரிப்பார். சிரித்தபடியே அந்தக் குறிப்பை வாங்கியும் பார்ப்பார்.